ஐம்பத்தேழு ரூபா ரீச்சரும் பத்தாயிரம் வயதுக்காரரும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் "ஓம்" என்று சொல்லிவிடுவேன். கேட்டவரின் முகம் மலர்வதைப் பார்த்து நானும் மலர்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்கு ஓம் சொன்னேன் என்று யோசிப்பேன். இந்த வியாதியால் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணங்களுக்குத் தோழியாக ஒப்புக்கொண்டு, இரண்டு மணப்பெண்களிடமும் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அது சின்னக் கதை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ளவர்களின் வயதை ஊரறிய வெளியிட்ட கதைதான் பெரியது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. களுவாஞ்சிக்குடியில் ஒன்பது மாதக் கணினி டிப்ளோமா முடித்திருந்தேன். (அந்தச் சான்றிதழை அப்பா சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி.) எந்த இணையத்தளத்தைப் பார்த்தாலும் "இத நான் இதவிட நல்லாச் செய்வன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம்.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த சலீம் காக்கா அந்தப் பேச்சை நம்பி எனக்கு வேலை தந்தார். (அங்கே மூத்த ஆண்களை மரியாதையாகக் காக்கா என்றுதான் அழைப்பது. பறவைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) அவர் வாவிக்கென்று ஓர் இணையத்தளம் நடத்திவந்தார். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், நீர்மட்டம் எவ்வளவு, வாவி கடலில் சேரும் முகத்துவாரம் வெட்டியாயிற்றா இல்லையா, இறால் என்ன விலை. அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் வாவியில் தோணி விடுபவர்களும், கரையோர வயல்களில் வேளாண்மை செய்பவர்களும் காலையில் பல் துலக்குமுன் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். ஒரு மாரியில் காக்காவின் தம்பி காற்று மாறுவதை அறியாமல் தோணியில் போய், கவிழ்ந்த தோணியைப் பிடித்தபடி அரை நாள் மிதந்து உயிர் தப்பியவர். அதற்குப் பிறகு தொடங்கியதுதான் இந்தத் தளம். ஐந்து வருடமாகக் கடை வருமானத்திலிருந்தே அதன் செலவைப் பார்த்து வந்தார்.

அந்த வருடம் டொலர் ஏறியது. கூடவே, தளத்தை வைத்திருக்கும் வெளிநாட்டுச் சேர்வரின் வருடக் கட்டணமும் காக்காவின் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது.

"மகள், மழை வர ஒரு மாசம் கூட இல்ல" என்றார் காக்கா. கடையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். "இது நிண்டா ஆக்கள் காத்தறியாமப் போவாங்க. நம்மட ஆக்கள்ட்டயே கேப்பம். பக்கத்திட மேல, ஆகத் தொங்கல்ல, ஒரு அறிவிப்புப் போடுங்க. பேரு, ஊரு, எவ்வளவு தருவாங்க எண்டு எழுதினாக் காணும். காசக் கடையில வந்து தரட்டும்."

"ஓம் காக்கா" என்றேன்.

"கீழ போட்டா ஒருத்தனும் பாக்கமாட்டான். மேல போடணும்."

"ஓம் காக்கா, மேலதான்."

அன்று பின்னேரமே துஷா அக்கா தொலைபேசி எடுத்தாள். செங்கலடிக்காரி. பள்ளிக்கூடத்தில் எனக்கு நாலு வகுப்பு மேலே படித்தவள். வந்தாறுமூலை கம்பஸில் மேற்படிப்புக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். வாவியை நம்பி வாழும் மக்கள் இணையத் தகவல்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது தலைப்பு.

"சுகி, உங்கட தளத்துக்கு வாற ஆக்கள்ட்ட நான் கொஞ்சம் கேள்வி கேக்கணும். முதல்ல பேரு, ஊரு, வயசு, அவ்வளவுதான். விருப்பமான ஆக்களிட்டப் பிறகு நேர்ல போய்க் கதைக்கிறன். ரெண்டு கிழமைக்குள்ள இது சரிவராட்டி எனக்கு ஒரு வருசம் பின்னுக்குப் போயிரும். படிப்புக்கெண்டு வேலையில எடுத்த லீவும் முடியுது."

"ஓம் அக்கா."

"வந்த உடன கண்ணில படணும். ஆக மேல."

"ஓம் அக்கா, மேலதான்."

தொலைபேசியை வைத்த பிறகுதான், பக்கத்துக்கு 'மேல்' என்று ஒன்றுதான் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

நல்ல புத்தியுள்ள எவரும் அந்த நேரத்தில் இரண்டு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். எனக்கு டிப்ளோமாதான் இருந்தது. ஆகவே முதல் நாள் இரண்டு அறிவிப்புகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன். மடிக்கணினியில் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு யோகராசா அண்ணனிடமிருந்து அழைப்பு. கல்லடிப் பக்கம் தோணி வைத்திருப்பவர், எங்கள் தளத்தின் ஆதி வாசகர்.

"புள்ள, காத்த எங்க ஒளிச்சு வெச்சிரிக்கிறாய்?"

"கீழ இரிக்கி அண்ணன். கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

"தள்ளுறன் தள்ளுறன், ஒருத்தன் காசு கேக்கான், மத்தவன் வயசு கேக்கான். நான் தொழிலுக்குப் போறதா, இவங்களுக்குப் பதில் சொல்லுறதா?"

கைப்பேசித் திரையில் இரண்டு அறிவிப்புகளும் சேர்ந்து காற்றையும் தண்ணீரையும் பாதாளத்துக்குத் தள்ளியிருந்தன. உடனே ஒன்றைக் கழற்றினேன். அடுத்த இரண்டு நாட்கள் நான் பட்ட பாடு எந்த வாசற்காவலாளியும் பட்டிருக்கமாட்டான். காக்கா "இப்ப பாக்கப் போறன் மகள்" என்றால் நிதி அறிவிப்பை ஏற்றுவேன். துஷா அக்கா "இப்ப கம்பஸில மேடத்துக்குக் காட்டப் போறன்" என்றால் அதை இறக்கி ஆய்வு அறிவிப்பை ஏற்றுவேன். ஒரு தடவை இருவரும் ஒரே நேரத்தில் அழைத்தார்கள். நான் மின்சாரம் போய்விட்டது என்று சொல்லி மடிக்கணினியை மூடினேன். (மின்விசிறி தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. துஷா அக்காவுக்குச் சத்தம் கேட்டிருக்கும், நல்லவள், விசாரிக்கவில்லை.)

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றுவரை என் வாழ்க்கையில் வந்த யோசனைகளில் அதுதான் ஆகப் பெரியது. ஒரே பெட்டி. அரை நிமிடம் நிதி அறிவிப்பு, அடுத்த அரை நிமிடம் ஆய்வு அறிவிப்பு. மாறி மாறித் தானாக ஓடும். இரண்டிலும் பெயரும் ஊரும் பொது. மூன்றாவது கட்டத்துக்கு மேலே எழுதியிருப்பது மட்டும் ஒரு தடவை 'நீங்கள் தர விரும்பும் தொகை' என்றும், மறு தடவை 'உங்கள் வயது' என்றும் மாறும். எழுதி அனுப்பியதும், அந்த நேரத்தில் எந்த அறிவிப்பு இருக்கிறதோ அதன் பட்டியலில் போய்ச் சேரும்.

நானே பரிசோதித்தேன். பெயர், ஊர், எண், அனுப்பு. பத்தே வினாடி. கச்சிதம்! என் விரல்களைப் போலவே வாவிக்கரை விரல்களும் ஓடும் என்று எனக்கு நானே முடிவுகட்டினேன். ஈரக் கையோடு, ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடித் தட்டுபவருக்குப் பெயர் எழுதி முடிக்கவே அரை நிமிடம் போய்விடும் என்பதோ, அவர் கண் எழுத்துப் பலகையில் இருக்கும்போது மேலே கேள்வி சத்தமில்லாமல் மாறிவிடும் என்பதோ, என் சட்டம் போட்ட மூளைக்கு எட்டவில்லை.

அதுவும் போதாதென்று காக்கா இன்னொன்று கேட்டார்.

"தாற ஆக்கள்ட பேரப் போடுங்க மகள். பேரும் தொகையும். அப்பத்தான் மத்தவனும் தருவான்."

"ஓம் காக்கா."

'வாவியின் நண்பர்கள்' என்று தலைப்பிட்டு, வரும் பெயர்கள் தாமாகவே பக்கத்தின் அடியில் விழும்படி செய்தேன். இரண்டு மூன்று நாளில் பட்டியல் நீண்டது. சிலர் ஆயிரம், ஐநூறு. பலர் நாற்பத்திரண்டு ரூபா, முப்பத்தெட்டு ரூபா, எழுபத்தொரு ரூபா. சில்லறையாகத் தருகிறார்கள், ஏழைகளின் அன்பு என்று நான் நெகிழ்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கினேன்.

சாப்பிடும்போது அப்பா கைப்பேசியைப் பார்த்துவிட்டு அம்மாவைக் கேட்டார்: "நீ அம்பத்தொரு ரூபா குடுத்திரிக்கிறாயாம், மெய்தானா?"

"நான் ஒரு சதமும் குடுக்கல்ல. சுகிட கூட்டாளிப் புள்ளைக்கு வயசுதான் எழுதினன்."

நான் சிரித்தேன். அம்மா காசு கொடுத்துவிட்டு வெட்கத்தில் மறைக்கிறாள் என்று நினைத்தேன். இதைவிடத் தெளிவாகத் தெய்வமே வந்து சொல்லியிருக்காது. நான் மேலும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் கம்பஸில் துஷா அக்காவின் இடைக்கால விளக்கக் கூட்டம். "தொழில்நுட்ப உதவி சுகி எண்டு முதல் பக்கத்திலயே போட்டிரிக்கன், நீயும் வா" என்றாள். ஓம் என்று சொல்லி, பெருநாளுக்குக் காக்கா தந்த துணியில் தைத்த சல்வாரைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். பேராசிரியர், விரிவுரையாளர்கள் நாலைந்து பேர், மாணவர்கள் ஒரு இருபது பேர். அக்கா நிதானமாக, அழகாகப் பேசினாள். பதில்களை அன்று காலையில்தான் நான் அவளுக்கு அனுப்பியிருந்தேன். அவள் அதை அப்படியே படமாக்கிக் கொண்டுவந்திருந்தாள்.

"பதிலளித்தவர்களின் வயது" என்று சொல்லித் திரையை மாற்றினாள்.

ஒரே ஒரு தூண், திரையின் கூரை வரை. மற்றவையெல்லாம் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார்.

"ஆகக் கூடின வயது எவ்வளவு?"

அக்கா தாளைப் பார்த்தாள். அவளுடைய குரல் சிறுத்தது. "பத்தாயிரம், சேர்."

"ஊர்?"

"கத்தார் எண்டு போட்டிரிக்கி, சேர்."

பேராசிரியர் ஆடாமல் அசையாமல் சொன்னார்: "இவரிட்டக் கட்டாயம் நேர்ல கதைக்க வேணும். வாவி உண்டாகினத கண்ணால கண்டிருப்பார்."

பிறகு எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப்போவதில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்கா நின்ற கோலம்தான் எனக்கு மறக்காது. கையில் இருந்த தாளைச் சுருட்டிச் சுருட்டிக் குழலாக்கிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. அந்த நொடியில்தான் ஐம்பத்தொரு ரூபாவும் பத்தாயிரம் வயதும் என் தலைக்குள் முட்டிக்கொண்டன. கால்கள் தாமாக எழுந்தன.

"சேர், இது அக்காட பிழை இல்ல. அது ஆள்ட வயசில்ல, காசு. நான்தான் ரெண்டையும் மாத்திப்போட்டன்."

நான் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பேராசிரியர் அக்காவைப் பார்த்து, "தரவு பிழைச்சாத் திருப்பி எடுக்கலாம். அடுத்த கிழமை வாங்க" என்றார். டிப்ளோமா எங்கே எடுத்தீர்கள் என்று அவர் என்னைக் கேட்காமல் விட்டதற்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

வெளியே வந்தோம். அக்கா என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஏசுவதற்குள் கைப்பேசி அடித்தது. காக்கா.

"மகள், உடன வாங்க. கடைக்குள்ள சனம் நிக்கிது. பட்டியலப் பாத்துட்டு வந்து நிக்காங்க. மங்களம் ரீச்சர் கதிரையப் போட்டு இருந்திட்டா, எழும்பமாட்டாவாம்."

"நானும் வாறன்" என்றாள் அக்கா. ஏன் வருகிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ்ஸில் காத்தான்குடி வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

மங்களம் ரீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரையம்பதியில் ஆங்கில ரியூசன் நடத்துபவர். கருகருவென்ற கொண்டை, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. நாற்பத்தைந்து என்று அவரே சொல்வார். பத்து வருடமாக அதையே சொல்லி வருகிறார் என்பதை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. ரீச்சரிடம் கணக்குப் பார்க்கும் துணிவு யாருக்கு இருக்கிறது?

கடைக்குள் நுழைந்ததும் ரீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீயா இதச் செய்த? அம்பத்தேழு ரூபா எண்டு என்ட பேருக்கு நேர போட்டிரிக்கிறாய். மானம் மரியாதை உள்ள ஒரு மனிசி அம்பத்தேழு ரூபா குடுப்பாளா? ரியூசனுக்கு வாற புள்ளையள் கேக்குதுகள், 'ரீச்சர், மூண்டு ரூபாயும் போட்டு அறுவதாக்கியிரிக்கலாமே' எண்டு!"

"அவ்வளவு தாறன் எண்டு நீங்கதானே எழுதியிரிப்பியள் ரீச்சர்" என்றார் காக்கா பணிவாக.

"நான் எழுதல்ல!"

"அப்ப அந்த அம்பத்தேழு எங்கால வந்த? மகள், நீங்க சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் ரீச்சரின் வயது கடைத்தெருவுக்கு வரும். சொல்லாவிட்டால் ரீச்சர் கஞ்சராகவே நிற்பார். ரீச்சரைப் பார்த்தேன். ரீச்சருக்கும் அப்போதுதான் அது எங்கிருந்து வந்தது என்று விளங்கியது. கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். நாற்பதுக்கு மேல் ஆட்கள் நின்ற அந்தக் கடையில், எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம்.

ஓரத்தில் நின்ற யோகராசா அண்ணன் கைப்பேசியைக் கிட்டப் பிடித்து, எட்டப் பிடித்து, சத்தமாக வாசித்தார்: "யோகராசா, கல்லடி, அறுவத்திமூண்டு ரூபா. இஞ்ச பாருங்க, அறுவத்திமூண்டு என்ட வயசெல்லோ?"

ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியைப் பார்த்தார்கள். "எனக்கு நாப்பத்திரண்டுதான்…" என்று ஒருவர் முணுமுணுத்தார். "என்ட மச்சான் கத்தாரிலரிந்து பத்தாயிரம் தாறன் எண்டான், அவன்ட பேரையே காணல்லயே" என்றார் காக்கா. பிறகு, ஒத்திகை பார்த்தது போல, எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பி மங்களம் ரீச்சரைப் பார்த்தன.

நான் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன்.

ரீச்சர் எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"ஓம். அம்பத்தேழுதான். என்ன இப்ப?"

யோகராசா அண்ணன்தான், பொய் சொல்லத் தெரியாத மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அம்பத்தேழு எண்டு ஆரு சொல்லுவான் ரீச்சர்? என்ட மனிசி உங்கள விட ரெண்டு வயசு குறைவு, பாத்தா உங்கட தாய் மாதிரி இரிப்பா."

ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கடை முழுக்கச் சிரித்தது. (யோகராசா அண்ணன் வீட்டில் அன்று பின்னேரம் நடந்தது வேறு கதை.) ரீச்சர் கைப்பையைத் திறந்து இரண்டு ஆயிரம் ரூபாத் தாள்களை எடுத்துக் காக்காவின் மேசையில் வைத்தார். "இத என்ட பேருக்கு நேர போடு. வயச அழி" என்றார்.

அதற்குப் பிறகு யாருக்குத்தான் தன் பெயருக்கு நேரே நாற்பத்திரண்டு ரூபா நிற்கப் பொறுக்கும்? ஒருவர் பின் ஒருவராக மேசைக்கு வந்தார்கள். யோகராசா அண்ணன் ஐநூறு வைத்தார். "காத்தில்லாம நாங்க என்னெண்டு போற?" என்றார். காக்கா எழுதிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தன் தம்பி மிதந்து வந்த நாளை நினைத்திருப்பார் என்று எனக்குப் பட்டது.

துஷா அக்கா எங்கே என்று பார்த்தேன். அவள் சுருட்டியிருந்த தாளை விரித்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மேசையிலிருந்து திரும்பிய ஒவ்வொருவரையும் மறித்தாள்.

"அண்ணன், காலையில எத்தின மணிக்கு இந்தத் தளத்தத் திறப்பியள்? காத்து வேகம் கூட எண்டு போட்டிருந்தா, மெய்யா போகாம நிப்பியளா?"

திட்ட வந்தவர்கள் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்கள். தோணிக் கதை, முகத்துவாரக் கதை, வெள்ளத்தில் போன வேளாண்மைக் கதை எல்லாம் வந்தது. மங்களம் ரீச்சர் தன் வயதைத் தானே முதலில் சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் பேசினார். தாள் தீர்ந்ததும் காக்கா கடையின் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு காக்கா பிளேன்டீ எடுத்துவரச் சொன்னார். அவரும் துஷா அக்காவும் அன்றுதான் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்கதானா அந்த வயசு கேக்கிற புள்ள? இடம் வேணுமெண்டு எனக்குச் சொல்லியிரிக்கலாமே" என்றார் காக்கா. "காசு சேந்திட்டுது. இனி ரெண்டு கிழமைக்கு, பக்கத்திட மேல் இடம் உங்கட."

"நான் முதல்லயே உங்களிட்டக் கேட்டிரிந்தா, உங்கட முடிஞ்ச பிறகு போட்டிருப்பன் காக்கா. ஒரு கிழமை பிந்தினா என்ன?"

முடிந்தது. தேநீர் ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். நான் மூன்று நாள் பொய் சொல்லி, ஒரு மென்பொருள் எழுதி, இரு கரையையும் கலக்கிச் சாதிக்க முடியாததை. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் என் பிளேன்டீயைப் பார்த்தேன். அக்கா முதலில் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மாரியில் தளம் நிற்கவில்லை. இப்போதும் நிற்கவில்லை. துஷா அக்கா நேரில் கேட்ட கதைகளையே தன் ஆய்வின் நடுப்பகுதியாக்கி, அந்த வருடமே பட்டம் வாங்கினாள். நான் மறுபடியும் படிக்கப் போனேன். இந்தத் தடவை முதல் பாடத்திலேயே, செய்ததை ஆகக் குறைந்தது ஓர் அம்மாவிடமாவது கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லித்தந்தார்கள்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து வயதை ரூபாவில்தான் சொல்வது. என் மகன் பிறந்தபோது அப்பா, "இவன் இன்னும் ரூபாவாகல்ல, சதக்கணக்கு" என்றார். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற தங்கச்சிக்கு "முப்பது ரூபாவுக்கு மேல வேணாம்" என்று அம்மா தரகரிடம் சொல்லி, அவர் சீதனப் பேச்சென்று நினைத்துப் பதறிய கதையும் உண்டு.

போன மாதம் அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். தாதி படிவத்தை நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "வயசு?"

"அறுவது ரூபா மகள்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். தாதி அறுபது என்று எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் பட்டியல்ல நீங்களும் இருந்தீங்களா அம்மா? எங்கட மாமி நாப்பத்தாறு ரூபா. மாமாக்கு அதுவரைக்கும் முப்பத்தொம்பது எண்டுதான் சொல்லி வெச்சிருந்தவ." பேனாவை மூடிவைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அதச் செய்த புள்ள ஆரெண்டு தெரிஞ்சாச் சொல்லுங்க, மாமி இன்னும் தேடுறா."

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "தெரியாது மகள்" என்றாள்.